சங்கத் தலைவரும் அன்றாடப் பழக்கமும்

ஒரு கூட்டுறவுச் சங்கம் வளர்வதும் தேய்வதும் எதனைப் பொறுத்தது என்று வினவினால், பெரும்பாலோர் நூல் விலையைச் சொல்வார்கள். சிலர் அரசாங்கத்தின் தள்ளுபடி மானியத்தைச் சொல்வார்கள். விசைத்தறியின் போட்டியைக் காரணம் காட்டுவோரும் உளர். விவசாய அங்கத்தினர்களைக் கேட்டால் மழையைச் சொல்வார்கள். இவை யாவும் உண்மையே. எதனையும் நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரே மாவட்டத்தில், ஒரே விலைக்கு நூல் வாங்கி, ஒரே சந்தையை நம்பி நடக்கும் இரண்டு நெசவாளர் சங்கங்களில், ஒன்றில் தறிகள் இடைவிடாது ஓடுவதையும், மற்றொன்றில் பாதித் தறிகளில் ஒட்டடை படிந்திருப்பதையும், அலுவல் முறையில் ஊர் ஊராகச் செல்லும் நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம். நூல் விலை இரண்டிற்கும் ஒன்றே. அப்படியாயின் இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

தலைவரின் நேர்மையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். நம்முடைய அனுபவம் அதற்கு முழுதும் இடந்தரவில்லை. பிறர் காசுக்கு ஆசைப்படாத தலைவர்களின் கையிலேயே சில சங்கங்கள் மெலிந்திருக்கின்றன. கல்வியிலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒரு தலைவர் நடத்திய சங்கத்தின் ஒழுங்கு, பட்டதாரியாகிய நமக்கே பாடமாக இருந்ததுண்டு. நாம் கவனித்த வரையில், வேற்றுமை ஒரு சிறிய பழக்கத்தில் ஆரம்பமாகிறது. தலைவர் சங்கக் கட்டிடத்திற்குள் நுழைந்ததும் முதலில் என்ன கேட்கிறார் என்பதே அது. “நேற்று எத்தனை மீட்டர் வந்தது?” என்று கேட்பவர் ஒரு வகை. “நேற்று யார் தறி நின்றது? எதனால் நின்றது?” என்று கேட்பவர் மற்றொரு வகை. முதல் கேள்விக்குப் பதில் பதிவேட்டிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, மனிதர்களிடம்தான் இருக்கிறது. அதை அவர்கள் பயமின்றிச் சொல்லும்படி செய்வதுதான் தலைமை என்று நாம் கருதுகிறோம்.

நின்ற தறியின் கணக்கு

இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். அறுபது தறிகள் உள்ள ஒரு சங்கத்தை வைத்துக்கொள்வோம். ஒரு பாவு நெய்து முடிந்து அடுத்த பாவு கைக்கு வருவதற்குள், ஒவ்வொரு தறியும் மாதத்தில் மூன்று நாள் சும்மா நிற்கிறது என்று கொள்வோம். மூன்று நாள்தானே என்று தோன்றும். அறுபது தறிக்கு 180 தறி நாட்கள் ஆகின்றன. மாதத்திற்கு 25 வேலை நாள் என்று வைத்தால், ஏழு தறிகளை மாதம் முழுவதும் பூட்டி வைத்ததற்கு இது சமம். ஏழு குடும்பங்களின் முழு மாதக் கூலி எவருடைய கணக்கிலும் ஏறாமல் மறைந்து போகிறது. உற்பத்திப் பதிவேட்டைப் புரட்டினால் இது தெரியாது. வந்த துணிதான் அதில் ஏறும். வராத துணி ஏறாது.

தறி ஏன் நின்றது என்று விசாரித்தால், காரணங்கள் மிக அற்பமாக இருக்கும். சாயமேற்றிய நூலில் கரைக்குரிய நிறம் மட்டும் வரவில்லை. பாவு பிணைப்பவர் மூன்று ஊருக்கு ஒருவராக இருக்கிறார்; அவர் வேறு ஊரில் இருந்தார். அச்சில் பல் வளைந்துவிட்டது. தூறலினால் கஞ்சி போட்ட பாவு காயவில்லை. நூல் வழங்கும் எழுத்தர் பாங்கிக்குப் போயிருந்தார். சாவி அவரிடம் இருந்தது. இவற்றுள் பலவற்றை ஒரு தலைவர் அரை நாளில் சரி செய்துவிடலாம். இரண்டாவது சாவி ஒன்று செய்ய எவ்வளவு பணம் வேண்டும்? ஆனால் தறி நின்றதே அவருக்குத் தெரியாது. நெசவாளர் சொல்லவில்லை, தலைவர் கேட்கவில்லை.

விருதுநகரை அடுத்த சூலக்கரையிலும் அதனைச் சுற்றிய கரிசல் கிராமங்களிலும் வசிப்பவர்களுக்கு, தறி நிற்பதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன்பே தீப்பெட்டி ஆலைகளுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் ஊர் முனையில் வந்து நிற்கின்றன. பாவுக்காக மூன்று நாள் காத்திருந்த நெசவாளியின் மகன் நான்காவது நாள் அந்த வேனில் ஏறிவிடுகிறான். அங்கே அன்றன்றைக்குக் கூலி நிச்சயம். அவனைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒருமுறை ஏறியவன் தறிக்குழிக்குத் திரும்புவது அரிது. சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலில் பெயர் இருக்கும், பங்குத் தொகை இருக்கும், தறி இருக்காது. சங்கங்கள் சாவது திவாலினால் மட்டுமன்று; இப்படியும்தான்.

வெற்றுப் புகார்ப் புத்தகம்

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் புகார்ப் புத்தகத்தைக் கேட்டோம். தலைவர் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளாக அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. “நம் சங்கத்தில் ஒருவருக்கும் குறையில்லை, ஐயா” என்றார். அன்று மாலை அதே ஊரில் தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது, அரை மணி நேரத்தில் பதினொரு குறைகளை நாம் கேட்டோம். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “எழுதினால் அடுத்த பாவு நல்ல பாவாக வராது, சார்.” அவர் சொன்னது உண்மையோ, வீண் அச்சமோ, அதை நாம் அறியோம். ஆனால் அப்படி ஒரு நம்பிக்கை ஊரில் நிலவுவதே சங்கத்தின் உற்பத்தியைக் குறைக்கப் போதுமானது. குறை இல்லாத சங்கம் என்று ஒன்று இல்லை. குறை சொல்லப்படாத சங்கங்கள் உண்டு.

இங்கே நம்முடைய தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சங்கத்தின் விற்பனைப் பிரிவைப் பார்த்துவந்த இளைஞர், இருப்பில் எட்டு வேட்டிகள் குறைவதாகத் தாமாகவே முன்வந்து சொன்னார். நாம் என்ன செய்தோம்? எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். கடுமையான குறிப்பு எழுதினோம். விதியின்படி அது சரியே. குறைந்த சரக்குக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்த முறை குறைவு நேர்ந்தபோது அவர் வாய் திறக்கவில்லை. அரையாண்டு கழித்து நாமே எண்ணிப் பார்த்தபோது குறைவு நாற்பதைத் தாண்டியிருந்தது. எலி நுழையும் ஒரு பழைய ஜன்னலும், சில்லறை விற்பனையில் ரசீது போடாத ஒரு வழக்கமும் சேர்ந்து செய்த வேலை அது, திருட்டன்று. முதல் நாளிலேயே “எதனால்?” என்று அமைதியாகக் கேட்டிருந்தால், ஜன்னலை அடைக்கும் செலவோடு போயிருக்கும். உண்மையைச் சொன்னவரைத் தண்டித்து, மறைப்பதற்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாமே.

விருதுநகரின் பாடம்

இந்தப் பழக்கத்திற்கு நாம் தூர தேசத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. விருதுநகரில் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையிலே விட்டு, மாமனின் துணிக்கடையில் வேலை பார்த்த காமராஜர், 1954ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 1963ஆம் ஆண்டு அக்டோபர் வரை இந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். அவருடைய அரசியலைப் பற்றிப் பேச இது இடமன்று. அவர் வேலை வாங்கிய முறை மட்டுமே இங்கே நமக்கு வேண்டும்.

முதலாவது, அவர் சென்று பார்த்தார், கேட்டார். மாநிலத்தின் ஊர்களை அவரைப் போல அறிந்தவர்கள் அக்காலத்தில் சிலரே. குறை சொல்ல வந்தவரிடம் அவர் பெரிய வாக்குறுதி தருவதில்லை என்பதும், “ஆகட்டும், பார்க்கலாம்” என்ற இரண்டு சொல்லோடு முடிப்பார் என்பதும் ஊரறிந்த செய்தி. அந்த இரண்டு சொல்லைப் பலர் கேலி செய்ததுண்டு. ஆனால் அவர் முதலில் கேட்டு முடித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் தலைவர்களில் பலர் குறை பாதி சொல்லப்படும்போதே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பதில் நல்ல பதிலாகவே இருந்தாலும், மீதிப் பாதி வெளியே வராமல் போய்விடுகிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனிடம் அவர் “ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?” என்று கேட்டதாகவும், “போனால் சோறு யார் போடுவார்?” என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் நம் ஊர்களில் ஒரு கதை வழங்குகிறது. கதை கிடக்கட்டும். 1956ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்ற புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு பெற்றோரைக் கடிந்துகொள்ள எந்த அரசாங்கத்தாலும் முடியும். எதனால் வரவில்லை என்று கேட்டபோதுதான் பசி என்ற பதில் வந்தது. பதில் வந்த பின்பே அடுப்பு எரிந்தது. தறி எதனால் நின்றது என்பதும் இதே கேள்விதான்.

இரண்டாவது, வேலை தெரிந்தவரிடம் வேலையை ஒப்படைத்தார். கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களுக்கு அவர் கொடுத்த இடம் பெரிது. மதிய உணவும், ஊரார் தாமே நன்கொடை திரட்டிப் பள்ளிகளைச் செப்பனிட்ட பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அந்த ஒப்படைப்பின் பயன்கள். முதலமைச்சர் ஒவ்வொரு பள்ளியின் கூரையையும் தாமே எண்ணவில்லை, எண்ணுகிறவரை நம்பினார்.

மூன்றாவதுதான் நம் சங்கங்களுக்கு மிகவும் கசப்பான பாடம். 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். அவரை ஆதரித்து நின்றவர் எம். பக்தவத்சலம். வென்ற பிறகு காமராஜர் இருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்; பொறுப்பான துறைகளையும் கொடுத்தார். 1963இல் காமராஜர் தாமாகப் பதவி விலகியபோது, அவருக்குப்பின் முதலமைச்சரானவர் அதே பக்தவத்சலம். நம் சங்கத் தேர்தல்களில் என்ன நடக்கிறது? தோற்ற அணியைச் சேர்ந்தவருக்குப் பாவு தாமதம். அவர் நெய்த துணியில் மட்டும் குற்றம் அதிகம். தோற்றவர்களில்தான் நூலின் தரம் நன்கு அறிந்தவர் ஒருவர் இருப்பார். அவரை நூல் கொள்முதல் உபகமிட்டியில் வைத்துக்கொண்டால் சங்கத்துக்கு லாபம். வெளியே வைத்தால் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருப்பார். இதைச் சொன்னால் தலைவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயமன்று.

விரட்டுதல் உற்பத்தியாகாது

“எத்தனை?” என்று மட்டுமே கேட்பதனால் என்ன கெடுதல் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். நெசவில் கெடுதல் மெதுவாக வரும்; இழை விட்ட துணி, தேங்கிய சரக்கு என்று வரும். நம் மாவட்டத்தின் மற்றொரு தொழிலில் அது ஒரு நொடியில் வருகிறது. பட்டாசு ஆலையின் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் வெடிமருந்து விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. தீபாவளி நெருங்கும்போது “இன்னும் எத்தனை?” என்ற கேள்வி மேலிருந்து வருகிறது, அந்தக் கேள்வி வரம்பைத் தின்றுவிடுகிறது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நல்ல போர்மேன் ஒருவர் வேலையை நிறுத்தச் சொன்னால், அன்றைய உற்பத்தி குறையும். ஆட்கள் மறுநாளும் வருவார்கள். நிறுத்தச் சொல்லும் தைரியம் அந்தப் போர்மேனுக்கு எப்போது வரும்? நிறுத்தியதற்காக நேற்று அவரை யாரும் வையாதிருந்தால் வரும்.

நெசவாளருக்கும் இது பொருந்தும். பாவில் இழை மோசமாக அறுகிறது என்று கண்டவுடன் நாடாவை நிறுத்திவிட்டுச் சங்கத்திற்கு வந்து சொல்லுகிறவர் நல்ல அங்கத்தினர். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் சங்கத்தில், மற்றவர்கள் அறுந்த இழையோடேயே நெய்து கொண்டுவந்து போடுவார்கள். அதே நூல் பொதியிலிருந்து போன மற்ற பாவுகளும் அப்படியே நெய்யப்பட்டு வரும்.

தினமும் கூடும் நிர்வாகக் குழு

கேட்பது நல்லது, ஆனால் எப்போது கேட்பது? இதற்குப் பதில் மலையாள நாட்டில் இருக்கிறது. கோழிக்கோட்டுக்கு வடக்கே வடகரா பக்கத்தில் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று உண்டு. சமூகச் சீர்திருத்தவாதியான வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925ஆம் ஆண்டு பதினான்கு பேர் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த முதல் ஆறணா என்று சொல்லப்படுகிறது. வேலை கொடுக்க ஆளின்றித் தவித்த கூலிகளின் சங்கம் அது. அந்தச் சங்கம் இன்று பெரிய சாலைகளையும் பாலங்களையும் கட்டுகிறது. ஆயிரக்கணக்கானோர் அதில் உழைக்கிறார்கள்.

அதன் வளர்ச்சிக்குக் காரணங்கள் பல. நம் கவனத்தை ஈர்த்தது ஒன்று. அதன் இயக்குநர்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலைகிறவர்கள் அல்லர். அவர்களே தொழிலாளர்களாக இருந்து வந்தவர்கள். பகலில் வேலைத்தலங்களைச் சென்று பார்க்கிறார்கள். நிர்வாகக் குழு தினமும் கூடுகிறது. எந்த இடத்தில் ஜல்லி தீர்ந்தது, எந்த இடத்தில் ஆள் மிகுதி, எந்த யந்திரம் பழுது என்று அன்றன்று பேசித் தீர்க்கிறார்கள். அன்றைய தடை அன்றைக்கே பேசப்படுவதால், மறுநாள் காலையில் ஆட்கள் வந்து சும்மா நிற்க நேர்வதில்லை. மாதக் கூட்டத்திற்காகக் காத்திருக்கும் குறை, முப்பது நாள் வட்டி போட்டுக்கொண்டு வருகிறது.

“நாங்களும் தறி போட்டுப் பிழைப்பவர்கள், தினமும் கூடுவது எப்படி?” என்று நம் நிர்வாகக் குழுவினர் கேட்பது நியாயமே. சங்கத் தலைவர் பதவி சம்பளப் பதவியன்று. ஒரு மணி நேரம் சங்கத்தில் இருந்தால் அவர் தறியில் ஒரு மணி நேர வேலை குறைகிறது. ஆகவே ஊராளுங்கலை அப்படியே எடுத்து வைக்க நாம் சொல்லவில்லை. அவர்களுடையது ஒரே இடத்தில் கூடி உழைக்கும் வேலை. நம்முடையது வீட்டுக்கு வீடு தனித் தறி. ஆனால் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொடுத்து நூல் வாங்க வரும் நாட்கள் உண்டல்லவா? அந்த நாட்களில் நிர்வாகக் குழுவில் ஒருவர், முறை வைத்து, கால் மணி நேரம் நூல் எடைபோடும் இடத்தருகே உட்காரலாம். தலைவரே எப்போதும் உட்கார வேண்டும் என்பதில்லை. உட்காராமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் நேரமின்மை ஒன்று. மற்றொன்று, குறை கேட்கப் பிடிக்காமை. இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கண்முன்னே அளத்தல்

குஜராத்தின் கேடா மாவட்டப் பால் சங்கத்தை அங்கத்தினர்கள் அமுல் என்ற பெயரால் அறிவார்கள். 1946ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட அந்தச் சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். கிராமம் கிராமமாகச் சென்று விவசாயிகளைச் சேர்த்தவர் அவர். அந்தச் சங்க முறையின் அடிப்படை மிக எளியது. காலையும் மாலையும் பால் கொண்டுவரும் அங்கத்தினரின் கண்முன்னே பால் அளக்கப்படுகிறது, கொழுப்பு சோதிக்கப்படுகிறது, அதற்குத் தக்க விலை எழுதப்படுகிறது. ஏழைப் பெண்ணின் இரண்டு படிப் பாலுக்கும், வசதியுள்ளவரின் இருபது படிப் பாலுக்கும் ஒரே அளவுகோல். நம்பிக்கை பேச்சினால் வரவில்லை, அளவையினால் வந்தது.

நம் சங்கங்களில் துணியைத் தரம் பிரிப்பது பல இடங்களில் உள்ளறையில் நடக்கிறது. நெசவாளர் வெளியே காத்திருக்கிறார். ‘குற்றத் துணி’ என்று கூலியில் பிடித்தம் ஆன பிறகே அவருக்குச் செய்தி வருகிறது. குற்றம் எங்கே என்று துணியை விரித்து, விரல் வைத்துக் காட்டினால், அடுத்த பாவில் அவர் திருத்திக்கொள்வார். காட்டாமல் பிடித்தால், தம்மை ஏமாற்றுகிறார்கள் என்றே எண்ணுவார். ஒரே பிடித்தம்தான், ஒன்று தொழில் கற்பிக்கிறது, மற்றொன்று பகை வளர்க்கிறது.

திரிபுவன்தாஸ் படேலிடம் மற்றொரு நல்ல பழக்கமும் இருந்தது. 1949இல் அரசாங்கப் பால் பண்ணை வேலைக்காக ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியாளர், எப்போது ஊரை விட்டுப் போவோம் என்று இருந்தார். சங்கத்தின் பழைய யந்திரங்களைச் சரிபார்க்க அவர் உதவியதைக் கண்ட படேல், அவரைச் சங்கத்திலேயே தங்கச் செய்தார், நிர்வாகத்தை ஒப்படைத்தார், குறுக்கிடாமல் துணை நின்றார். குரியனும் தம் பங்குக்கு எச். எம். தலாயா என்ற நிபுணரை அழைத்துவந்தார். எருமைப் பாலைப் பவுடராக்க இயலாது என்று அயல்நாட்டு நிபுணர்கள் கூறிவந்த காலத்தில், தலாயா அதைச் செய்து காட்டினார். 1955இல் ஆனந்தில் அதற்கான ஆலையே திறக்கப்பட்டது. ஒருவர் மற்றொருவரை வளரவிட்டதன் சங்கிலி இது. 1970களின் ஆரம்பத்தில் படேல் தாமாகவே தலைமையிலிருந்து விலகினார். நம் சங்கங்களில் தலைவர் படுத்துவிட்டால் கணக்கே படுத்துவிடுகிறது; கொள்முதல் செய்யும் வியாபாரியின் முகவரிகூட அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இரண்டாவது சாவியைப் பற்றி முன்பு சொன்னோம். இரண்டாவது மனிதரும் வேண்டும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு

இதுவரை தறியைப் பற்றியே பேசிவிட்டோம். கரிசல் காட்டிலும் இதே கதைதான். மானாவாரிப் பருத்திக்கும் மல்லிக்கும் மிளகாய்க்கும் ஈரம் காத்திராது. ஐப்பசி மழை இறங்கும் நேரத்தில் கடன் மனு சங்கத்தில் நிற்கிறது என்றால், பெரும்பாலும் நிற்பது ஒரு காகிதத்திற்காகத்தான்: அடங்கல் நகல் வரவில்லை, பட்டாவில் தந்தையார் பெயர் மாறவில்லை, ஜாமீன்தாரர் கையெழுத்து இல்லை. போன ஆண்டு எந்தெந்த மனு எதனால் தாமதமாயிற்று என்று எழுதி வைத்த தலைவர், இந்த ஆண்டு ஆவணியிலேயே கிராம நிர்வாக அலுவலரைச் சங்கத்திற்கு ஒருநாள் வரவழைத்து, எல்லார் காகிதங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். எழுதி வைக்காதவர் ஐப்பசியில் மீண்டும் ஓடுவார். அடியுரம் விதைப்புக்குப் பின் வந்தால், அது உரமன்று, கடன் மட்டுமே.

ஒரு நோட்டுப் புத்தகம்

நாம் எல்லாச் சங்கங்களுக்கும் சொல்லிவருவது ஒரு சிறிய ஏற்பாடு. சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்றில் நான்கு பத்தி போட்டுக்கொள்ள வேண்டும். நாள், எது நின்றது, எதனால் நின்றது, யார், எந்தத் தேதிக்குள் சரி செய்வார். குறை சொன்னவர் பெயருக்குப் பத்தி கிடையாது, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். சரி செய்தவர் பெயர் உண்டு. மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்திற்கு முன்பாக இந்த நோட்டைப் படிக்க வேண்டும். சரி செய்ய முடியாதவற்றை, முடியவில்லை என்று காரணத்தோடு எழுதிவிட வேண்டும். நூல் விலையை எந்தத் தலைவராலும் குறைக்க முடியாது. முடியாது என்று நேராகச் சொல்லும் தலைவரை அங்கத்தினர் மன்னிக்கிறார்கள். மறந்துவிடுகிறவரைத்தான் மன்னிப்பதில்லை.

இது சட்டப் பதிவேடன்று. தணிக்கையில் இதை வைத்து யாரையும் குற்றம் பிடிக்கமாட்டோம் என்று நாம் உறுதி கூறியிருக்கிறோம். அப்படிக் கூறாவிட்டால் இதுவும் புகார்ப் புத்தகத்தைப் போல வெள்ளையாகவே இருந்திருக்கும்.

சூலக்கரைப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் இந்த நோட்டு வைத்து முதல் மாதம் முடிந்ததும் ஆவலோடு வாங்கிப் பார்த்தோம். ஏழு வரிகள் எழுதப்பட்டிருந்தன. பாவு ஓடும் இடத்தில் நிழல் இல்லை என்று ஒன்று. வேம்பு நிற்கும் பக்கத்திற்கு மாற்றிக்கொண்டதாக அதன் எதிரே எழுதியிருந்தது. சிவப்புச் சாய நூல் இரண்டு வாரம் வரவில்லை என்று ஒன்று; அது தீரவில்லை. முதல் வரியோ நம்மைப் பற்றியது. ஆய்வாளர் வந்த நாளன்று எழுத்தர் கணக்குக் காட்டிக்கொண்டிருந்ததால் நூல் வழங்கவில்லை. பதினான்கு பேர் வந்து திரும்பினர். ஒருநாள் வேலை போயிற்று என்று தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தது. கடைசிப் பத்தி நிரப்பப்படாமல் இருந்தது. தலைவர் சங்கடத்தோடு நம் முகத்தைப் பார்த்தார். நாம் பேனாவை வாங்கி அதில் நம் பெயரை எழுதினோம். அதுமுதல் நூல் வழங்கும் நாட்களில் அந்தச் சங்கத்திற்கு ஆய்வுக்குச் செல்வதில்லை. செல்ல நேர்ந்தால், வழங்கல் முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் கணக்கைக் கேட்கிறோம்.